நாணயம் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் ஒரு சங்கத்தைத் தேடுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் ஓட்டைக் காலணா, விக்டோரியா ராணித் தலைக் காசு, வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு, பச்சை பூத்த செப்புக்காசுகள் என்று கலந்து கிடக்கின்றனவாம். இதையே தொடக்கமாக வைத்து நாணயம் சேர்க்கலாமா, எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிற காலத்தில் உள்ளூர் நாணயச் சங்கத்தில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது, டப்பாவில் இருப்பது எவ்வளவுக்குப் போகும் என்பவை அவர் கேள்விகள்.

விலையை முதலில் முடித்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் போகாது. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். அடித்ததோ கோடிக்கணக்கில். செல்லாக்காசு ஆன பிறகு பட்டறைகளில் அதை வாஷராகவே மாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு டிபன் செலவுக்குள் நல்ல காசாகவே கிடைக்கும். ராணி காலத்துக் காலணாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மிகவும் தேய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

வெள்ளி ரூபாயில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் எடை 11.66 கிராம். 1939 வரை அடித்ததில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிக்குப் பாதிதான். 1947 ஆண்டு ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். ஆக, ஆண்டைப் பார்க்காமல் 'எல்லாம் வெள்ளிதானே' என்று பேரம் பேசக்கூடாது. 1911 என்று ஆண்டு போட்ட ஜார்ஜ் ரூபாய் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அரசரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பி, அடுத்த ஆண்டே அச்சைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் அதைப் 'பன்றி ரூபாய்' என்றே சொல்வார்கள். நகைப்பட்டறையில் எடைக்குப் போட்டால் அதுவும் மற்ற ரூபாயோடு சேர்ந்து உருகிவிடும்.

உங்கள் டப்பாவில் என்னை இழுப்பது அந்தப் பச்சை பூத்த செப்புக்காசுகள்தான். அவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். முக்கியமாகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கும் குடமும் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது ரத்தத்திலேயே ஊறிய விஷயம். அந்தப் பழக்கம் காசுக்கு எமன். பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த செம்பின் மேல் படிந்த அந்தத் தோல்தான் எழுத்தையும் உருவத்தையும் தாங்கி நிற்கிறது. புளியோ எலுமிச்சையோ பிராசோவோ பட்டால் தோலோடு எழுத்தும் போகும். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் சில நாள் ஊறப்போட்டு, மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தட்டலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்கிற களிம்பு இருந்தால் மட்டும் அந்தக் காசைத் தனியே பிரித்து வையுங்கள், அது அரித்துக்கொண்டே போகும் வகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வீட்டுச் சுவரே வியர்க்கும், செம்புக்கு அந்த ஈரம் ஆகாது. டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அதிலுள்ள பிவிசி நாளாக ஆக வேர்த்து, காசின் மேல் பிசுபிசுவென்று பச்சையாகப் படியும். சதுர அட்டை ஹோல்டர் மலிவு, போதும்.

சரி, சங்கம் எதற்கு?

காசைப் படம் பார்த்துக் கற்க முடியாது. படத்தில் எடை இல்லை, விளிம்பு இல்லை. மேசையில் பட்டால் எழும் சத்தமும் இல்லை. டெல்டாவில் அடிக்கடி கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நின்றிருக்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இலங்கையில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசர்கள், பராக்கிரமபாகு உட்பட, இதே வடிவத்தை அப்படியே எடுத்துத் தங்கள் பெயரைப் பொறித்து அடித்தார்கள். தேய்ந்த காசு ஒன்றைக் கையில் கொடுத்தால் ராஜராஜனா பராக்கிரமபாகுவா என்று சொல்ல, அந்த இரண்டு மூன்று எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். சங்கத்தில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டுவார்கள். ஒரு காலை நேரத்தில் பிடிபட்டுவிடும். தனியாக உட்கார்ந்து செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆண்டுக்கணக்கில் பிடிபடாது.

போலியும் இப்படித்தான். சங்ககாலச் சோழர் சதுரக் காசு, ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி, இதற்கு மவுசு அதிகம், அதனால் போலியும் அதிகம். அச்சில் வைத்து அடித்த காசுக்கும் வார்த்தெடுத்த காசுக்கும் வித்தியாசம் பத்து மடங்கு லென்ஸில் தெரியும். வார்ப்பில் குமிழி விழுந்த ஊசிமுனைக் குழிகள் இருக்கும், உருவத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி ஒட்டு போட்ட கோடு ஓடும். சிலர் அந்தக் கோட்டை அரத்தால் ராவி, மேலே ரசாயனம் பூசிப் பச்சையாக்கியிருப்பார்கள். இயற்கையான களிம்பு செம்போடு ஒட்டி இறுகியிருக்கும், பூசிய பச்சையை அசிட்டோன் தொட்ட பஞ்சு துடைத்துக்கொண்டு வந்துவிடும். இதெல்லாம் எழுதிப் படித்தால் எளிதாகத் தெரிகிறது. ஆனால் நல்ல காசு ஒன்றும் போலி ஒன்றும் மாறி மாறிக் கையில் புரண்டால்தான் ஏறும். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்க யாரும் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதில்லை.

இணையத்தில் ஏமாற்று எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்றால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க என்று வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள், அப்படி எந்த வியாபாரத்திலும் தாங்கள் இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். வைஷ்ணோதேவி படம் போட்ட நாணயம் லட்சங்களுக்குப் போகும் என்று வரும் வீடியோக்கள் இந்த வகைதான். 1818, 1616 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் இருக்கும் 'காசு' உங்கள் டப்பாவிலும் இருக்கலாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கோயில் வாசல்களில் விற்ற டோக்கன் அது. பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம், விலை பேச முடியாது. இதன் உச்சம் 'ரைஸ் புல்லிங்': பழைய செம்புக்காசோ கலசமோ அரிசியை இழுக்கிறது, உள்ளே இரிடியம் இருக்கிறது, கோடி ரூபாய்க்குப் போகும் என்று. நம் பக்கத்தில் இதில் வீடு நிலத்தை விற்றவர்கள் உண்டு. ஒரே ஒரு முறை சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சை எடுத்தவுடன் நாலு பேர் சிரிப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சிரிப்பே எத்தனையோ குடும்பத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு விஷயம், டெல்டாவில் சேகரிப்பவனுக்குக் கிடைத்திருக்கும் அதிர்ஷ்டம் வேறு எங்கும் எளிதில் வாய்க்காது. கடற்கரையோரமாக ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் மூன்று ஐரோப்பிய நாடுகளின் காசு ஊர்கள். தரங்கம்பாடியில் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி உட்கார்ந்த டேனிஷ்காரர்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இங்கே புழங்கக் காசு அடித்தார்கள். ஆரம்பத்தில் ஈயக்காசு, பிறகு செம்பு. ஆறாம் பிரெடெரிக் காலத்து நாலு காசு நாணயத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் கிரீடத்தின் கீழ் அரசர் பெயரின் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், மறுபக்கம் ரோமன் எண்ணில் நாலு, அதன் கீழே 'காஸ்' என்று நம் காசுதான் அவர்கள் எழுத்தில், அப்புறம் ஆண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். அல்லிப்பூ ஒரு பக்கம், 'புதுச்சேரி' என்று தமிழ் எழுத்து மறுபக்கம் உள்ள செப்புக்காசு இங்கெல்லாம் ஓடியது. காரைக்கால் பெயரையே தமிழில் பொறித்த சிறுகாசும் உண்டு. நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்து, 1781 வரை வைத்திருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நாகப்பட்டினம் டச்சுக் காசு' என்று விற்கப்படும் பலவற்றில் ஒரு பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையான 'VOC' எழுத்துப் பின்னலும் ஆண்டும், மறுபக்கம் சிங்கம் உள்ள கேடயமும் இருக்கும். அது நாகப்பட்டினத்தில் அடித்ததல்ல. நெதர்லாந்திலேயே அடித்துக் கப்பலில் கிழக்கே அனுப்பியது, ஜாவாவிலும் இலங்கையிலும் கூடை கூடையாகப் புழங்கியது. அசல் காசுதான், போலி இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் வியாபாரி ஒட்டியது. இந்த வித்தியாசத்தை உங்களுக்கு இலவசமாகச் சொல்லக்கூடியவர் அநேகமாகச் சங்கத்தில்தான் இருப்பார். விற்கிறவர் ஏன் சொல்லப்போகிறார்?

நான் சங்கத்தை இத்தனை வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. ஒரு காசின் பெரிய செய்தி அதன் மேல் எழுதியிருப்பதல்ல, அது எங்கே கிடைத்தது என்பது. பழைய தஞ்சை மாவட்டத்தில் தாலிக்கோட்டை, ஒலையக்குன்னம், விக்ரமம் போன்ற ஊர்களில் நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்தில் சீனத்துக்குத் தூது போனது அந்நாட்டு ஏடுகளில் 1015, 1033, 1077 என்று ஆண்டோடு பதிவாகியிருக்கிறது. 1077இல் போன 72 பேர் குழு 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பியதாகவும் அதிலேயே இருக்கிறது. ஏட்டில் இருப்பதற்கு மண்ணிலிருந்து சாட்சி சொல்வது இந்த மாதிரிக் குவியல்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், குவியலைத் தோண்டி எடுத்தவர் ஆளுக்குப் பத்தாகப் பிரித்து, வாஸ்துக் கடைக்கு அதிர்ஷ்டக் காசாக விற்றிருந்தால்? காசு ஒவ்வொன்றும் உலகில் எங்காவது இருந்திருக்கும். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் சீனக்காசு இருந்தது என்ற செய்தி மட்டும் போயிருக்கும்.

டெல்டாவில் நாள்தோறும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. குளம் தூர்வாரும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது, ஆற்று மணலைச் சலிக்கும்போது கிடைக்கிற காசு பழைய பாத்திரக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து டீலருக்கு, அங்கிருந்து மும்பைக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது, ஊர் உதிர்ந்துவிடுகிறது. ஆடிப்பெருக்குக்குப் பிறகு பாலத்தில் நின்று காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கும் பையன்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காந்தத்தில் ஒட்டுவது இந்தக் காலத்து எவர்சில்வர் நாணயமும் நிக்கல் நாணயமும்தான், செம்பும் வெள்ளியும் ஒட்டாது. கவலை எல்லாம் ஜேசிபி பற்றி.

நல்ல சங்கம் ஒன்று இருந்தால், உறுப்பினர் ஒருவர் காசு கொண்டுவந்தால் முதல் கேள்வி 'எவ்வளவு' என்று வராது, 'எந்த ஊர், எந்த வயல், ஆழம் என்ன, கூட என்ன கிடந்தது' என்று வரும். ஒரு நோட்டில் எழுதிவைப்பார்கள். தரங்கம்பாடிக் காசு கடற்கரையிலிருந்து உள்ளே எந்தெந்த ஊர்வரை புழங்கியது என்று நாளைக்கு ஒருவர் வரைபடம் போட வேண்டுமென்றால் அந்த நோட்டு வேண்டும். தமிழ் நாணயவியலில் பெரிய திருப்பங்கள் பலவும் இப்படிச் சேகரிப்பவர்கள் கையிலிருந்துதான் வந்தன. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசைக் கண்டறிந்து வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பத்திரிகை ஆசிரியர், தொழில்முறைத் தொல்லியலாளர் அல்ல. தென்னிந்திய நாணயவியல் கழகத்தை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். நாடு தழுவிய இந்திய நாணயவியல் சங்கம் 1910 முதலே இருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்கள் அவ்வளவு பெரிய வேலை செய்ய வேண்டியதில்லை, ஊர்ப்பெயரை மட்டும் காப்பாற்றினாலே போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்தில் சேராவிட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் நம்முடையதாக இருந்தாலும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. துபாயிலிருக்கும் மச்சான் கேட்டான் என்று பார்சல் போடாதீர்கள். தாத்தா டப்பாவில் வீட்டுப் புழக்கத்திலிருந்து சேர்ந்த காசு புதையல் ஆகாது, பயப்பட வேண்டாம்.

சங்கம் என்றால் ஏதோ கண்ணாடி அலமாரியும் கோட்டு போட்ட ஆட்களும் என்று நினைத்துவிடாதீர்கள். அநேகமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளி வகுப்பறை அல்லது ஏதாவது ஹால். பெஞ்சின் மேல் துணி விரித்திருக்கும், காசு தவறி விழுந்தால் அடிபடாமல் இருக்க. ஓய்வுபெற்ற பேங்க் ஆள், ஸ்டாம்ப் சேர்க்கும் வாத்தியார், தீப்பெட்டி லேபிள் சேர்க்கும் ஒருவர், நாணய ஆல்பத்தோடு ஒன்பதாம் வகுப்புப் பையன். கடைசியில் ஒரு சின்ன ஏலம் நடக்கும், பிளாஸ்டிக் உறையில் எண் போட்டு, இருபது முப்பது ரூபாயில் தொடங்கி. புதியவருக்கு அந்த ஏலம்தான் நல்ல பள்ளிக்கூடம், ஒரு காசுக்கு உள்ளபடியே என்ன விலை என்று அங்கே கண்ணெதிரில் தெரியும்.

குறை இல்லாத இடமும் அல்ல. சில சங்கங்கள் டீலர்கள் கடைவிரிக்கும் இடமாகவே ஆகிவிட்டன. தான் வைத்திருப்பதை யாருக்கும் காட்டாமல் அடுத்தவர் டப்பாவை மட்டும் எட்டிப் பார்க்கும் பெரியவர்கள் உண்டு. பெண்கள் வருவது குறைவு, வந்தாலும் 'வீட்டுக்காரருக்காக வந்தீங்களா' என்று கேட்டு விரட்டிவிடுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே 'இதை நானே எடுத்துக்கறேன் தம்பி, என்ன வேணும்' என்று ஒருவர் நெருங்கினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூன்று நான்கு கூட்டம் போகும்வரை எதையும் விற்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது.

எதைச் சேர்ப்பது என்றால், எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், பணமும் போகும் ஆர்வமும் போகும். செலவில்லாமல் தொடங்க இந்தியக் குடியரசு நாணயம் போதும். ஆண்டுக்கு அடியில் பாருங்கள்: வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. 1957 ஏப்ரல் 1இல் வந்த நயா பைசாவிலிருந்து தொடங்கலாம். 1968 முதல் 1971 வரை வந்த தாமரை இருபது காசு இருக்கிறதே, அதை லட்சுமி பூஜைக்கென்று 108 சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம், பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் சம்பந்தப்பட்டதாகவே வேண்டுமென்றால், 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயமும், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஐந்து ரூபாயும் இருக்கின்றன. அதே பெரிய கோயிலுக்காக வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் புழக்கத்துக்கு வந்ததல்ல, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தது, அதற்கு இப்போது ஆசைப்பட வேண்டாம்.

சங்கம் எங்கே என்று தேட, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நடக்கும் நாணயக் கண்காட்சி எதற்காவது போய், மேசை போட்டிருப்பவரிடம் 'உள்ளூரில் யார் கூடுகிறார்கள்' என்று கேட்டாலே தெரிந்துவிடும். அப்படி யாரும் இல்லாத ஊர் என்றால் நாலு பேர் போதும், நூலகரிடம் ஒரு மூலை கேளுங்கள், கொடுப்பார்கள்.

முதல் கூட்டத்துக்கு டப்பாவை முழுதாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பச்சை பூத்தவற்றில் ஐந்தாறு, வெள்ளியில் ஒன்று, தனித்தனிக் காகித உறையில். போவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் அந்தச் செப்புக்காசு தாத்தாவுக்கு எந்த வயலில், எந்தக் குளத்தில் கிடைத்தது என்று கேட்டு, தெரிந்தவரை உறையின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டு போங்கள்.